கீமோ முடிந்தபின் வரும் இடுப்பு வலி: எக்ஸ்ரே நார்மல் என்றால் போதுமா?

போன வருஷம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒருவர் எங்கள் ஸ்கேன் அறைக்கு வந்தார். தக்காளி விவசாயி, நாற்பதைத் தாண்டிய வயது. கையில் முழங்கால் எக்ஸ்ரே இரண்டு, இரண்டிலும் ஒன்றுமில்லை. "முட்டியிலதான் வலிங்க சார். ஆனா சம்மணம் போட்டுச் சாப்பிட முடியல, வண்டியில காலைத் தூக்கிப் போட முடியல" என்றார். சீட்டில் 'முட்டி வலி' என்று மட்டும் எழுதியிருந்தது. படுக்கவைத்து, தொடையை லேசாக உள்பக்கம் திருப்பினேன். கவட்டியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். முன்னால் பெரிய வைத்தியம் ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்ட பிறகுதான் அவர் மனைவி மஞ்சள் பையிலிருந்து பழைய ஃபைலை எடுத்தார். கழுத்தில் நெறி கட்டி, லிம்ஃபோமா (நெறி கட்டும் நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்) என்று தெரிந்து, ஆறு சைக்கிள் கீமோ. முடிந்து ஒரு வருஷம். "அது சரியாப் போச்சுங்களே, அதான் சொல்லல."

அனுப்பிய டாக்டரிடம் பேசிவிட்டு, இரண்டு இடுப்பையும் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். வலது தொடை எலும்பின் பந்து மேல்பக்கம் அமுங்கியிருந்தது. வலியே இல்லாத இடது பக்கத்திலும், செத்துப்போன எலும்பைச் சுற்றி வரப்பு கட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு.

இதை ஏ.வி.என். என்பார்கள். எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்று அந்தப் பகுதி செத்துவிடுவது. லிம்ஃபோமாவுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துச் சிகிச்சையில் 21 நாளுக்கு ஒரு சைக்கிள். ஒவ்வொன்றிலும் 5 நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, பெரும்பாலும் தினம் 100 மி.கி. ஆறு சைக்கிளுக்குக் கணக்குப் போட்டால் 3,000 மி.கி. ஸ்டீராய்டு. ஏ.வி.என். வர இது ஒரு முக்கியக் காரணம். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உயிரைக் காப்பாற்றும் மருந்துகளில் அதுவும் ஒன்று. எல்லோருக்கும் ஏ.வி.என். வருவதும் இல்லை. வந்தால் சீக்கிரம் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இடுப்பு மூட்டின் வலி முட்டியில் தெரிவதால் பல பேருக்கு முட்டியைத்தான் படம் எடுக்கிறோம்.

எக்ஸ்ரே ஏன் ஏமாற்றுகிறது? எலும்பு செத்தாலும் அதிலுள்ள கால்சியம் உடனே போய்விடாது. அதனால் பந்து அமுங்கத் தொடங்கும்வரை படம் நன்றாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ. அதற்கு வெகு முன்பே காட்டிவிடும். இதற்குப் பொதுவாக ஊசி மருந்தும் தேவையில்லை, கதிர்வீச்சும் கிடையாது. நோய் திரும்பி எலும்புக்கு வந்திருக்கிறதா என்ற பயத்துக்கும் அதிலேயே பெரும்பாலும் பதில் கிடைக்கும்.

எலும்பு மெலிவது வேறு விஷயம். அதற்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ். ஆனால் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஒரு சிக்கல் உண்டு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை வருஷக்கணக்கில் ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீர் குடித்தவர்கள் நிறைய. ஃபுளோரைடு ஏறிய முதுகெலும்பு டெக்ஸாவில் நல்ல அடர்த்தியாகத் தெரியும், உறுதி மட்டும் இருக்காது. பல்லில் பழுப்புக் கறை இருந்தால் நான் அந்த எண்ணை அப்படியே நம்புவதில்லை. கீமோவுக்குப் பிறகு புற்றுநோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த பெட் சி.டி. ஸ்கேன் இருந்தால் கேட்டு வாங்கி, முதுகெலும்பைப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்துவிடுவேன். சத்தமில்லாமல் நசுங்கிய எலும்பு அதில் அகப்படும்.

அந்த விவசாயிக்கு இடது பக்கம் பந்து அமுங்கும் முன்பே எலும்பில் துளை போட்டு உள்ளே இருந்த அழுத்தத்தைக் குறைத்தார்கள். வலது பக்கம் மூட்டு மாற்றும் அளவுக்குப் போய்விட்டது. முட்டியைப் படம் எடுத்த அன்றே இடுப்பையும் பார்த்திருந்தால் என்று இப்போதும் தோன்றுகிறது.

கீமோ முடித்தவருக்குக் கவட்டியிலோ தொடையிலோ முட்டியிலோ வலி வந்து, குத்தவைத்து உட்காரச் சிரமமாக இருந்தால், 'வாயு' என்று எண்ணெய் தேய்த்து மாசக்கணக்கில் தள்ளாதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும், ஸ்கேன் கவுண்டரில் சீட்டுக் கொடுக்கும்போதும், "எனக்கு லிம்ஃபோமாவுக்குக் கீமோ கொடுத்திருக்காங்க" என்று முதலில் சொல்லுங்கள். பழைய ஃபைலையும் கையோடு கொண்டுவாருங்கள்.