நம்பிள் எப்படி ஹம்பிள் ஆனது?

தவறை ஒப்புக்கொண்டு தலைகுனிந்தவரை 'ஹம்பிள் பை சாப்பிட்டார்' என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுகின்றனவே, அது என்ன பண்டம் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

உண்மையிலேயே பண்டம்தான். மானின் ஈரல், இதயம், குடல் எல்லாவற்றையும் மாவுக்குள் பொதிந்து 'பை' என்ற பண்டமாக இங்கிலாந்தில் சுட்டுத் தின்றார்கள். அந்த உள்ளுறுப்புகளுக்கு 'நம்பிள்ஸ்' என்று பெயர். இடுப்பைக் குறிக்கும் 'லும்பஸ்' என்ற லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்த வடிவம் அது. 'ஹம்பிள்' குறிக்கும் பணிவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அப்புறம் நடந்ததுதான் அழகு. நமக்கு 'ஒரு', 'ஓர்' போல அவர்களுக்கு 'எ', 'ஆன்'. உயிரொலிக்கு முன்னால் 'ஆன்'. 'எ நம்பிள் பை' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் அந்த மூக்கொலி முன்சொல்லின் வாலா, பின்சொல்லின் தலையா? காதுக்குத் தெரியாது. எழுத்தில்தான் சொற்களுக்கு இடையே வெற்றிடம். பேச்சு ஒரே ஓட்டம். எங்கே வெட்டுவது என்பதை மூளைதான் முடிவு செய்கிறது. தாமரையைத் 'தா, மரை' என்று வெட்டினால் பூ போய்த் தாவும் மான் வருகிறதே, பள்ளி இலக்கணத்தில் படித்திருப்போம், அதே கதைதான். நமக்கு அது சொல் விளையாட்டு. அங்கே தவறான வெட்டே நிலைத்துவிட்டது: 'ஆன் அம்பிள் பை'.

சமைக்கும்போது உடைக்கு மேல் கட்டும் துணியான 'நேப்ரன்' இப்படித்தான் 'ஏப்ரன்' ஆனது. அதன் உடன்பிறப்பான நாப்கின் மட்டும் தலை தப்பியது. கிரிக்கெட் அம்பயருக்கும் முன்பு தலையில் ஒரு 'ந' இருந்தது. 'இணை இல்லாதவர்' என்று பொருள். இரு தரப்பிலும் சேராத மூன்றாம் ஆள். எதிர்த்திசையிலும் வெட்டு விழும்: 'ஆன் எக்நேம்', அதாவது கூடுதல் பெயர், 'எ நிக்நேம்' ஆயிற்று.

பணிவைக் குறிக்கும் 'ஹம்பிள்', மண் என்று பொருள்படும் லத்தீன் 'ஹ்யூமஸ்' வழி வந்த வேறு சொல். முதல் ஒலியை விழுங்கி அதையும் பலர் 'அம்பிள்' என்றே சொன்னார்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்கவே, 19ஆம் நூற்றாண்டில் சிலேடை மரபுத்தொடராகிவிட்டது.

எஜமானர் கறியைத் தின்ன, வேலைக்காரர் குடலைத் தின்றதால் வந்த தொடர் என்றும் சொல்வார்கள். கதை நன்றாக இருப்பதாலேயே சொல்லின் பிறப்பை நம்பிவிடக் கூடாது; ஒலி மாறிய வழியையும் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதோடு, அந்தப் பண்டம் வேலைக்காரர் தீனி மட்டுமல்ல. 1663 ஜூலையில் லண்டனில் கடற்படை அலுவலக அதிகாரி சாமுவேல் பீப்ஸ் வீட்டுக்கு ஒரு பெண்மணி அடுப்பிலிருந்து சுடச்சுட அம்பிள் பை கொண்டுவந்தார். அபாரமான ருசி என்று பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.