ஓவர்லே என்றால் என்ன? படிவ மேலடுக்கும் அதில் சிதையும் கோடுகளும்

பிரிண்டர் வேலையில் ஓவர்லே என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறாத பகுதி. கட்டங்கள், கோடுகள், தலைப்பு எல்லாம் அதில் அடக்கம். பெயர், தொகை மாதிரி மாறுகிற விவரம் தனியாக வரும், பிரிண்டர் இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து அடித்துவிடும்.

சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘மேலே வைப்பது’. லெட்டர்பிரஸ் காலத்திலேயே இந்தச் சொல் அச்சகத்தில் உண்டு. எழுத்து மங்கலாக விழும் இடத்தில் அழுத்தம் கூடுவதற்காக ஒட்டும் காகிதத் துண்டை ஓவர்லே என்பார்கள். அப்புறம் 1970களின் நடுவில் வந்த ஐபிஎம் 3800 லேசர் பிரிண்டரில் படிவத்தை ஃபிலிம் நெகட்டிவாக மாட்டி, ஒளி பாய்ச்சி டிரம்மில், அதாவது அச்சு உருவம் பதியும் உருளையில், விழவைத்தார்கள். படிவம் முன்பே அச்சிட்ட தாளை வாங்கி அடுக்கி வைக்கும் தேவை அதோடு குறைந்தது. பிறகு பக்கத்தை எப்படி அடிக்க வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் ஏஎஃப்பி, பிசிஎல் முறைகள் வந்தபோது அந்த நெகட்டிவின் இடத்தை ஒரு கோப்பு பிடித்துக்கொண்டது.

தமிழில் ‘படிவ மேலடுக்கு’ என்பதுதான் சரி. சிலர் ‘பின்னணி’ என்கிறார்கள், அது அடியில் கிடப்பதைக் குறிக்கும். பிசிஎல்லில் ஓவர்லே மேக்ரோ (பிரிண்டரில் சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு) ஓடுவதே பக்கத்தின் மற்ற விவரமெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில்தான்.

சரி, வேர்டில் நேராக இருந்த கோடு மேலடுக்கானதும் ஏன் சிதைகிறது? பெரும்பாலும் புள்ளிக் கணக்குதான் காரணம். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட், எனவே டேபிள் பார்டரின் வழக்கமான அரை பாயிண்ட் கோடு 240 டிபிஐயில் (அங்குலத்துக்கு 240 புள்ளி) 1.67 புள்ளி அகலம். பிரிண்டரால் அரைகுறைப் புள்ளி வைக்க முடியாது, அதனால் ஒரு கோடு ஒரு புள்ளியாகவும் பக்கத்துக் கோடு இரண்டு புள்ளியாகவும் விழுந்து, ஒரே கட்டத்தில் ஒரு பக்கம் மெலிந்தும் மறுபக்கம் தடித்தும் தெரியும். அதே கோடு 300 டிபிஐயில் 2.08 புள்ளி, ஏறக்குறைய முழு எண், ஆகவே ஒழுங்காக வரும். 240 தவிர வழியில்லை என்றால் ஒன்றரை பாயிண்ட் கோடு போடுங்கள், சரியாக 5 புள்ளி.

ஆகவே வேர்டு கோப்பை மேலடுக்காக மாற்றும்போது டிரைவரில் (கோப்பைப் பிரிண்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மென்பொருள்) வைக்கும் டிபிஐ, கடைசியில் அச்சிடப்போகும் பிரிண்டரின் டிபிஐயாகவே இருக்கட்டும். 600இல் படமாக்கி 240க்குச் சுருக்கினால் மெல்லிய கோடுகள் அங்கங்கே காணாமலே போகும், அதைப் பின்னால் எந்த அமைப்பாலும் மீட்க முடியாது. சாம்பல் நிறக் கோடு கருப்பு வெள்ளையில் புள்ளி புள்ளியாக உடையும், அதைக் கருப்பாக்கிவிடுங்கள். ‘பக்கத்துக்குள் பொருத்து’ தேர்வு இருந்தால் எடுத்துவிடுங்கள், 97 சதவீதச் சுருக்கம்கூட எல்லாக் கோட்டின் கணக்கையும் கலைத்துவிடும். டிரைவர் கோட்டைக் கோடாகவே அனுப்ப வழி தந்தால் அதையே எடுங்கள், படமாக அனுப்புவது கடைசி வழி.