ரெண்டு நாள் பத்தியத்துக்கு மூன்று மாதச் சர்க்கரை ஏமாறாது

"ரெண்டு நாளா சோறே தொடல, ராத்திரிகூட ரெண்டு இட்லிதான். இன்னிக்கு டெஸ்ட் எடுத்துக்கலாம்ல?" திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் இந்தக் கேள்வி ஓய்வதே இல்லை. பொங்கல் முடிந்த கையோடு இன்னும் அதிகம். விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பத்தியம் இருந்து இறக்கிக் காட்டலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் அப்படி இறங்காது. அது சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினில் ஒட்டிப்போன குளுக்கோஸின் கணக்கு. ஒட்ட நொதி (என்சைம்) எதுவும் வேண்டாம், தானாகவே ஒட்டும். ரத்தத்தில் சர்க்கரை கூடக்கூட ஒட்டுவதும் கூடும். நிலையாக ஒட்டியது, சுமார் 120 நாள் வாழும் அந்த அணு அழியும்வரை போகாது. கடைசி ஒரு மாதத்துக்குத்தான் இதில் ஏறக்குறையப் பாதிப் பங்கு, உண்மைதான். அதுவும் முப்பது நாள் சாப்பாடாயிற்றே, நேற்றைய இட்லி என்ன செய்யும்? ஹெச்பிஏ1சி 7 சதவீதம் என்றால் ரத்தச் சர்க்கரையின் சராசரி 154 மில்லிகிராம், 9 என்றால் 212. வெறும் வயிற்றில் 110 வந்து இதில் 9 வந்தால் லேபோடு சண்டைக்குப் போகாதீர்கள்; மதியச் சோற்றுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள், சாப்பிட்ட பிறகு ஏறுவது அதில் தெரியும்.

சர்க்கரை ஒட்டுவதெல்லாம் கெடுதல் என்றும் பயப்பட வேண்டாம். சிவப்பணுவின் மேலுள்ள கொழுப்பிலும் புரதத்திலும் நொதிகள் இடம் பார்த்துக் கோக்கும் சர்க்கரைதான் உங்கள் ரத்த வகையே: நுனியில் காலக்டோஸ் சேர்ந்தால் பி, என்-அசிட்டைல் காலக்டோசமைன் என்ற இன்னொரு சர்க்கரை சேர்ந்தால் ஏ. வரைமுறையில்லாமல் ஒட்டுவதுதான் கண் லென்ஸையும் ரத்தக்குழாய்ச் சுவரையும் கெடுக்கிறது.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் கவனியுங்கள். இரும்புச்சத்துக் குறைந்து சோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சமீபத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தால் குறைத்துக் காட்டும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் எண்ணை நம்ப முடியாது. மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். வயிற்றைக் காயப்போட்டுக் கிளிமெபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, பஸ்ஸிலேயே மயங்கி விழ நேரும். ஹெச்பிஏ1சிக்கு வெறும் வயிறே தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே வாருங்கள். கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். மருந்து மாற்றியவர்கள் மூன்று மாதத்தில் பார்த்துவிடுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்து வாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.