மனசு நோகுமே என்று சொல்லாமல் விட்டால்

டர்பன் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்குகளுக்குப் பணியாளர் ஆலோசகராகப் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். என்னைத் தேடி வரும் மேலாளர்களில் கொடுமைக்காரர்கள் குறைவு. நல்ல மனசுக்காரர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒருவரைச் சொல்கிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வளர்ந்தவர், கிடங்கு மேற்பார்வையாளர். அவரிடம் வேலை பார்த்த தம்பி ஒருவன் இருப்புக் கணக்கை அடிக்கடி தப்பாகப் போட்டான். "பாவம், வீட்டில் கஷ்டம்" என்று இவர் ஆறு மாதம், சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தானே உட்கார்ந்து அதைத் திருத்தியிருக்கிறார். ஒரு நாள் தப்பான சரக்கு ஜோஹன்னஸ்பர்க் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாளே, "அவனை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும், கடிதம் தயார் செய்யுங்கள்" என்று வந்து நின்றார்.

"இந்த ஆறு மாதத்தில் அவனிடம் ஒரு தடவையாவது சொன்னீர்களா?" என்று கேட்டேன். மனசு நோகுமே என்று விட்டுவிட்டாராம்.

தென்னாப்பிரிக்கச் சட்டமும் அதைத்தான் கேட்கும். வேலைத்திறன் போதவில்லை என்று ஒருவரை நீக்கினால், என்ன எதிர்பார்க்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா, அதை எட்ட நியாயமான வாய்ப்புக் கொடுத்தோமா, நீக்குவதுதான் பொருத்தமான முடிவா என்று பார்க்க வேண்டும் என்கின்றன 1995-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தை ஒட்டி வந்த நெறிமுறைகள். பயிற்சி, வழிகாட்டல், திருந்துவதற்கு அவகாசம் எல்லாம் அதில் அடக்கம். நீக்கப்பட்டவர் 30 நாளுக்குள் சிசிஎம்ஏ என்னும் சமரச ஆணையத்துக்குப் போகலாம். இது முதலாளியின் கையைக் கட்டிப்போடுகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. தரத்தைக் குறைத்துக்கொள் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. வாயைத் திறந்து சொல் என்கிறது.

சரி, மூவரும் உட்கார்ந்தோம். புது ஸ்கேனர் வந்த வாரம் அந்தத் தம்பி விடுப்பில் இருந்திருக்கிறான். அப்புறம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "நீங்கள் ஒன்றும் சொல்லாததால் சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன், அண்ணா" என்றான். மேற்பார்வையாளருக்குப் பேச்சே வரவில்லை.

இரண்டு நாள் பயிற்சி, எட்டு வார அவகாசம், வெள்ளிதோறும் கால் மணி நேரம் இருவரும் சேர்ந்து கணக்குப் பார்ப்பது என்று முடிவானது. வாரத்துக்கு ஒரு பிழைக்கு மேல் கூடாது என்று எழுதியே கொடுத்தோம். அவன் தப்பை அவனே திருத்த வேண்டும், இவர் கை வைக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் இவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

எல்லோருக்கும் இது பலிக்காது. இன்னொரு கிடங்கில் இதே வழியில் போயும் ஒருவருக்குக் கணக்கு வரவேயில்லை. பேசி, வேறு பிரிவுக்கு மாற்றினோம்.

கனிவாக இருந்தால் தப்புகள் பெருகாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கிய குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே ஆட்கள் பயப்படாமல் தப்பை வெளியே சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம்.

போன மாதம் அந்த மேற்பார்வையாளர் போன் செய்தார். ஒரு பெட்டியில் லேபிள் மாறிவிட்டது என்று, லாரி கிளம்புவதற்கு முன்னால் தம்பியே ஓடி வந்து சொன்னானாம்.