ரப்பர் பாலை ஏன் விடியுமுன் வெட்டுகிறார்கள்?

கன்னியாகுமரி மாவட்டக் களியலில் இருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "அப்பா நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு 3 மணிக்கே பால்வெட்டப் போயிருவாங்க. வெயிலைக் கண்டா மரம் பாலை ஒளிச்சு வெச்சிரும்னு பாட்டி சொல்லுவாங்க. இது மூடநம்பிக்கைதானே?"

இல்லை. பாட்டி கண்டது உண்மை, காரணம்தான் வேறு.

ரப்பர் அமேசான் மழைக்காட்டு மரம். 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம்தான். அந்தக் கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்து, பிறகு நம் மலையடிவாரத்துக்கும் பரவின.

வேர் உறிஞ்சும் நீர் கட்டை வழியாக மேலே ஏறும். பால் இருப்பது அங்கே இல்லை, பட்டையின் உட்பக்கத்தில். அங்கே செல்கள் வரிசையாக நின்று, நடுச்சுவர் கரைந்து, ஒரே குழலாகிவிடுகின்றன. ஆக, சிரட்டையில் சொட்டுவது உயிருள்ள செல்லின் உள்ளே நிறைந்திருக்கும் கூழ், அதாவது சைட்டோபிளாசம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். நியூக்ளியசும் மைட்டோகாண்ட்ரியாவும் மட்டும் குழலிலேயே தங்கிவிடும். சரக்கு போனாலும் பட்டறை போவதில்லை. போனதை மறுபடி செய்து நிரப்ப இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது அதனால்தான்.

இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் நீர் வெளியேறாது. குழல்கள் உப்பி, விடியும் நேரத்தில் உள்ளே 10 வளிமண்டல அளவுக்கும் மேல் அழுத்தம் ஏறிவிடும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டரை வளிமண்டலத்தைத் தாண்டாது. வெயில் ஏறியதும் இலை நீரை விடும், அழுத்தம் இறங்கும், பாலும் குறையும்.

குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் இருட்டோடு நின்று பார்த்திருக்கிறேன். கத்தி போன தடத்தில் முதலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் அரும்பின. கண்மூடித் திறப்பதற்குள் அவை ஒன்றுசேர்ந்து கோடாகி, சரிந்து, தகரத் துண்டின் நுனியில் சொட்டத் தொடங்கின.

இவ்வளவு அழுத்தம் இருந்தும் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏன் நின்றுவிடுகிறது? எனக்கு இந்த மரத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். பாலுக்குள் லூட்டாய்டு என்ற நுண்ணிய பைகள் மிதக்கின்றன. குழல் திறந்ததும் அழுத்தம் சரிந்து, பக்கத்துச் செல்களிலிருந்து நீர் பாய்ந்து பால் நீர்த்துப்போகும். அதில் பைகள் ஊதி வெடிக்கும். வெட்டுவாயின் இடுக்கில் உரசியும் கிழியும். உள்ளிருந்து வரும் ஹெவீன் என்ற சின்னப் புரதம் ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று கோத்துவிட, குழலின் வாயில் அடைப்பு விழும். விரல் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைகிறதே, அதுபோல மரம் தன் காயத்தைத் தானே கட்டிக்கொள்கிறது.

உன் அப்பா முதலில், பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்துவிட்டுப் பட்டையில் ஒன்றரை மில்லிமீட்டர்போலச் சீவுவது இந்த அடைப்பை நீக்கத்தான். ஆழம் கூடினால் ஆபத்து. பால்குழல்கள் கட்டையை ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. கத்தி கட்டையில் பட்டாலோ புதுப்பட்டை ஒழுங்காக வளராது, முண்டு விழும். கத்திக்கும் கட்டைக்கும் நடுவே விடவேண்டிய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை இருட்டில் கையாலேயே அறிகிறவரை வெறும் கூலியாள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. குழல்கள் நேராக ஏறாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், வெட்டும் இடது மேலிருந்து வலது கீழாக இறங்குகிறது. அப்போதுதான் அதிகக் குழல்கள் அறுபடும்.

ஒரு கவலையும் உண்டு. ஆசியாவின் ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை விக்காமின் விதைவழி வந்த உறவுகள். தென் அமெரிக்காவில் தோட்டங்களையே அழித்த இலைக்கருகல் பூஞ்சை இங்கே வந்தால் தாங்குமா? எதிர்ப்புள்ள ரகத்தை இப்போதே உருவாக்க வேண்டும். நட்ட கன்று வெட்டுக்கு வரவே 7 ஆண்டுபோல ஆகும். மூன்று வருடத்தில் நின்றுபோகிற ஆராய்ச்சி நிதி இதற்கு எந்த மூலைக்கு?

அப்பா சம்மதித்தால் ஒன்று செய்து பார். ஒரே மரத்தை ஒரு வெட்டுநாளில் காலை 4 மணிக்கும், அடுத்த வெட்டுநாளில் காலை 10 மணிக்கும் வெட்டச் சொல்லி, இரண்டு நாள் பாலையும் தனித்தனியாக அளந்து எழுது. அளக்கும்போது பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.