பிரசவ வலி வர மருந்து வைத்தால் குழந்தை பிறக்க எத்தனை மணி நேரம் ஆகும்?

இரண்டாம் நாள் காலை ஏழு மணி. ரவுண்ட்ஸ் போகும்போது தாழ்வாரத்தில் ஒரு ஆயா, அதாவது பாட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் பல காலம் இருப்பவர். பேரன் பேத்திகளோடு ஆங்கிலத்தில் பேசினாலும், பதறும் நேரத்தில் அவருக்குத் தமிழ்தான் வருகிறது. "நேத்துக் காலையில மருந்து குடுத்தீங்க டாக்டரம்மா. இன்னும் புள்ள வரல. எதையோ மறைக்கிறீங்க."

எதையும் மறைக்கவில்லை. பேத்திக்கு முதல் பிரசவம், 41 வாரம். சேர்க்கும்போது கர்ப்பப்பை வாய் இறுக மூடியிருந்தது. 24 மணி நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர் திறந்திருந்தது. எனக்கு அது நல்ல முன்னேற்றம். அந்த ஆயாவுக்கோ ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வீணாய்ப் போன கணக்கு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அட்மிஷன் போட்ட அன்றே அவரை உட்கார வைத்து, இது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். டர்பன், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துக் குடும்பங்களுக்கும், கணவரின் வேலைக்காக ஊரை விட்டு ஜோகன்னஸ்பர்க் வந்து, அம்மா பக்கத்தில் இல்லாமல் முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்களுக்கும் அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், ஏன் வலி வர வைக்கிறோம்? டாக்டர் குறித்த தேதி என்பது 40 வாரக் கணக்கு. சரியாக அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். அதனால் நாலு நாள் தள்ளிப்போனதும் பயப்பட வேண்டாம். ஆனால் 41 வாரம் தாண்டினால் கதை வேறு. ஸ்வீடனில் சுமார் 2,700 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2019இல் வெளிவந்தன. 41 வாரத்தில் வலி வர வைத்தவர்கள் ஒரு பக்கம், 42 வாரம் வரை காத்திருந்தவர்கள் ஒரு பக்கம். காத்திருந்த பக்கத்தில் ஆறு குழந்தைகள் இறந்தன, மற்ற பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் வார்டில் கொடுத்த தேதிக்கு வராதவர்களைத் திரும்பத் திரும்ப போன் போட்டு அழைப்பது அதனால்தான். பிரஷர் ஏறியவர்கள், சர்க்கரை இருப்பவர்கள், வலி வராமலே பனிக்குடம் உடைந்தவர்கள், குழந்தையின் வளர்ச்சி குறைந்தவர்கள் என்றால் 41 வாரம் வரைகூடக் காத்திருக்க மாட்டோம். நம் இந்திய வம்சாவளிப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை அதிகம் வருகிறது, கவனமாக இருங்கள்.

சரி, நேரத்துக்கு வருவோம்.

உள்ளே கைவிட்டுப் பார்க்கும்போது நாங்கள் என்ன பார்க்கிறோம் தெரியுமா? உங்கள் மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். பக்குவப்படாத கர்ப்பப்பை வாய் அப்படித்தான் விறைப்பாக இருக்கும். இப்போது உதட்டைத் தொட்டுப் பாருங்கள். பக்குவப்பட்டது அவ்வளவு மெத்தென்று இருக்கும். மூக்கு நுனி உதடாக மாற வேண்டும். அதற்குத்தான் முதல் நாள் முழுவதும் போகிறது. வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, அதன் நீளம் எவ்வளவு குறைந்திருக்கிறது, எவ்வளவு மென்மை, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்து விஷயங்களுக்கு மார்க் போடுவோம். 1964இல் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த கணக்கு இது, இன்றும் அதுதான். எட்டு மார்க்குக்கு மேல் என்றால் சீக்கிரம் நடக்கும். மூன்று, நான்கு என்றால் பெட்டியில் இரண்டு நாளைக்கான துணி எடுத்து வையுங்கள்.

மார்க் குறைவாக இருந்தால் இரண்டு வழி. ஒன்று பலூன்: மெல்லிய ரப்பர் குழாயைக் கர்ப்பப்பை வாய்க்குள் செலுத்தி, நுனியில் உள்ள பலூனில் தண்ணீர் நிரப்புவோம். அது அழுத்தி அழுத்தி வாயைத் திறக்கும்; மூன்று சென்டிமீட்டர் அளவுக்குத் திறந்ததும் தானே நழுவி வெளியே வரும். இன்னொன்று மிசோப்ரோஸ்டால். வயிற்றுப் புண்ணுக்காக வந்த மாத்திரை அது. எங்கள் வார்டில் 200 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றை 200 மில்லி தண்ணீரில் கரைத்து, பெயர் எழுதி ஒட்டிவிடுவோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிஸ்டர் வந்து, பாட்டிலை நன்றாகக் குலுக்கி, 20 மில்லி அளந்து கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் முன் வயிற்றில் கை வைத்து வலி எப்படி வருகிறது என்று பார்ப்பார், குழந்தையின் இதயத்துடிப்பையும் கேட்பார். "இத்துனூண்டு தண்ணிய வச்சுக்கிட்டு ஏமாத்துறீங்களா?" என்று ஒரு கணவர் கேட்டார். கொஞ்சமாகக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. மருந்து கூடிப்போனால் பத்து நிமிடத்தில் ஐந்து வலிக்கு மேல் வரும். இடையில் குழந்தைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது.

வாய் பக்குவமான பிறகுதான் பனிக்குடத்தை உடைத்து, டிரிப்ஸில் வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் மருந்தை ஏற்றுவது. அப்புறமும் முதல் பிரசவத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போகலாம்.

இந்த நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் பத்துப் பிரசவத்தில் ஏழுக்கும் மேல் சிசேரியன். "எப்படியும் அறுக்கத்தான் போறாங்க, எதுக்கு இந்த வலி?" என்று கேட்கும் பெண்களை அதனால்தான் அடிக்கடி பார்க்கிறேன். அமெரிக்காவில் முதல் பிரசவப் பெண்கள் ஆறாயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. 39 வாரத்தில் வலி வர வைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்குச் சிசேரியன், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம் பேருக்கு. எல்லோருக்கும் 39 வாரத்திலேயே மருந்து வைக்கலாம் என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன்; எங்களிடம் அத்தனை கட்டிலும் இல்லை. ஆனால் மருந்து வைத்தாலே சிசேரியனில் போய் முடியும் என்ற பயம் வேண்டாம். பனிக்குடம் உடைந்து டிரிப்ஸ் ஓடும்போது அவசரப்படாமல் 12 மணி நேரமாவது பார்க்கிற வார்டில்தான் அந்தப் பலன் கிடைக்கும்.

அதனால் நல்ல நேரம் குறித்துக்கொண்டு வராதீர்கள். எந்த மணிக்கு மருந்து ஆரம்பிப்பது என்பது மட்டும்தான் எங்கள் கையில் இருக்கிறது. எந்த நட்சத்திரத்தில் பிறக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. புரட்டாசியில் விரதம் இருந்து, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த ஒரு பெண் முதல் டோஸுக்கே மயங்கிச் சாய்ந்தாள். சாப்பிட்டு வாருங்கள். அசைவம் வேண்டாமென்றால் இட்லி, கஞ்சி, எது பிடிக்குமோ அது. முன்னால் இருப்பது நீண்ட வேலை.

இன்னொன்று விளக்கெண்ணெய். சென்ற ஆண்டு ஒரு பெண்ணின் கைப்பையில் சின்னப் பாட்டில் இருந்தது, பாதி காலி. வீட்டில் பெரியவர்கள் அன்போடு கொடுத்தனுப்பியது. குடலைக் கலக்கி, வாந்தியும் பேதியுமாக உடம்பில் நீர் வற்றி, வலி எடுக்க வேண்டிய நேரத்தில் அவளுக்கு எழுந்து உட்காரவும் தெம்பில்லை. எங்கள் மருந்தோடு இதுவும் சேர்ந்தால் வலி எப்படிப் போகும் என்று கணிக்கவும் முடியாது. இங்கே சிலர் வாங்கிக் குடிக்கும் ஜூலு நாட்டு மருந்தான இசிஹ்லாம்பெசோவுக்கும் இதையேதான் சொல்வேன். ஏற்கெனவே குடித்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், திட்ட மாட்டோம். முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால் அதை வாசலிலேயே சொல்லுங்கள். அவர்களுக்கு மிசோப்ரோஸ்டால் கொடுத்தால் பழைய தையல் பிரிந்து கர்ப்பப்பையே கிழியலாம்.

வீட்டில் காத்திருக்கும் நாட்களில் சூட்டு வலியா, பிரசவ வலியா என்று பார்க்கச் சீரகக் கஷாயம் கொடுக்கிறார்களே, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அசைவு குறைந்தால், ரத்தம் பட்டால், தலைவலியோடு கண் மங்கினால், கஷாயம் கொதிக்கும்வரைகூட நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.

அந்தப் பேத்திக்கு அன்று மதியம் பனிக்குடம் உடைத்தோம். ராத்திரி பதினொன்றரைக்குப் பெண் குழந்தை, 3.2 கிலோ. ஆயா மடியில் வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது, "இவளுக்குச் சாப்பிட என்ன குடுக்கலாம்?"