முன்னுயிரி அல்ல, நன்னுயிரித் தீனி

கோழி வளர்ப்புக் கையேடு ஒன்றில் மறுபடியும் அதே வரி: "முன்னுயிரிகளைத் தீனியில் கலந்தால் அவை சால்மோனெல்லாவைக் கொல்லும்." முன்னுயிரி என்று ப்ரீபயாடிக்கைத்தான் சொல்கிறார்கள்; சால்மோனெல்லா ஒரு நோய்க்கிருமி.

சொல்லின் கதை சின்னது. லத்தீன் 'ப்ரீ' என்றால் முன், கிரேக்க 'பயோஸ்' என்றால் வாழ்வு, உயிர். ஏற்கெனவே புழங்கிய ப்ரோபயாடிக் (உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரி) என்ற சொல்லின் சாயலில், 1995இல் கிப்சன், ராபர்ஃப்ராய்டு என்ற இருவர் உணவியலுக்குள் கொண்டுவந்தார்கள். குடலில் செரிக்காமல் போய், அங்குள்ள நல்ல பாக்டீரியாவுக்கு மட்டும் உணவாகும் பொருள் என்பதுதான் அவர்கள் சொன்னது.

சரி, இதில் உயிரி எங்கே வந்தது? தமிழில் உயிரி என்று முடிந்தால் அது உயிருள்ளது: நுண்ணுயிரி, ஒருசெல் உயிரி. ப்ரீபயாடிக்காகக் கலக்கும் இன்யூலினுக்கு உயிர் கிடையாது. அது சிக்கரி வேரிலிருந்து எடுக்கிற மாவு. ஆன்டிபயாடிக்கை 'எதிருயிரி' என்றார்களே, அப்போதே தொடங்கிய பழக்கம் இது. முன்னொட்டைப் பெயர்ப்பார்கள், பொருளைப் பார்க்க மாட்டார்கள். பண்ணைக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தீனியை அழுத்திப் பெல்லட் குறுணையாக்கும்போது ஆவி காட்டுகிறார்களே, அந்தச் சூட்டில் முன்னுயிரி செத்துப்போகாதா?" ப்ரோபயாடிக் என்றால் மிக நியாயமான கேள்வி. ப்ரீபயாடிக்குக்கு அந்தக் கவலையே வேண்டாம். அவரைக் குழப்பியது சொல்தான்.

ப்ரோபயாடிக்குக்கு நன்னுயிரி என்ற சொல் இருக்கிறது, பொருத்தமானது. அப்படியானால் ப்ரீபயாடிக் என்பது நன்னுயிரித் தீனி. 'நன்னுயிரியால் செய்த தீனி என்று தோன்றாதா' என்கிறார்கள். கோழித் தீனி என்றால் கோழியை அரைத்துச் செய்தது என்று யாராவது நினைக்கிறார்களா? 'நலநுண்ணுயிர் வளர்ச்சி ஊக்கி' என்ற சொல்லையும் பார்த்தேன். பிழையில்லை, ஆனால் தீனி மூட்டையில் அச்சடித்தால் யார் படிப்பார்கள்?

அப்புறம் அந்தக் 'கொல்லும்'. நன்னுயிரித் தீனி எதையும் கொல்வதில்லை. கோழியின் சிறுகுடல் முடியும் இடத்தில் பைபோல இரண்டு குருட்டுக்குடல்கள் உண்டு. லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் அங்கே இதைத் தின்று பெருகி அமிலம் விடுகின்றன. புளிப்பு ஏறிய இடத்தில் சால்மோனெல்லா தழைப்பதில்லை. ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுக்கும் மானன் சர்க்கரையையும் ப்ரீபயாடிக் என்ற பெயரிலேயே விற்கிறார்கள். அதன் வேலை வேறு: குடல்சுவரில் ஒட்டவேண்டிய சால்மோனெல்லா அதில் ஒட்டிக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிடும்.

கையேட்டு வரியை நான் இப்படித் திருத்துவேன்: "நன்னுயிரித் தீனி கலந்து கொடுத்தால் குடலில் சால்மோனெல்லாவுக்கு இடம் குறையும்."